ஊரடங்கில் ஆண்களும்தானே பாத்திரம் கழுவினார்கள்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: 2020 ஊரடங்கில் வீட்டில் எல்லாரும் அடைந்து கிடந்தோம், ஆண்களும் காய் நறுக்கினார்கள், பாத்திரம் கழுவினார்கள், அப்படியிருக்க பெருந்தொற்று பெண்களைப் பின்னுக்குத் தள்ளியது என்பது மிகைப்படுத்தல் இல்லையா? கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: உங்கள் மனைவி அந்த ஆண்டு வேலையை விட்டார், அது அவரே எடுத்த முடிவு. முதல் பகுதிக்குப் புள்ளிவிவரத்தை வைத்துப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு அது போதாது, அதைக் கடைசியில் பார்ப்போம். முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆண்கள் அந்த மாதங்களில் வீட்டு வேலை கூடுதலாகச் செய்தார்கள் என்பது உண்மை, அதற்குத் தரவும் இருக்கிறது. சேதம் நடந்த இடம் வேறு.

பெருந்தொற்றுக்கு முன் நிலைமை என்ன என்று தெரியாமல் எது கூடியது, எது குறைந்தது என்று பேச முடியாது. நல்லவேளையாக, தொற்று வருவதற்குச் சரியாக ஓர் ஆண்டு முன்னால், 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை, தேசியப் புள்ளியியல் அலுவலகம் இந்தியா முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. சுமார் 1.39 லட்சம் வீடுகள், 4.47 லட்சம் பேர். 6 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து அன்று அதிகாலை 4 மணி வரை என்ன செய்தார் என்று அரைமணி அரைமணியாகப் பதிவு செய்தார்கள். செய்தித்தாள்களில் அடிக்கடி வந்த எண் அதிலிருந்து வந்ததுதான்: ஊதியமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இதைப் பார்த்து 'ஆண்கள் மூன்றில் ஒரு பங்கு செய்கிறார்களே, பரவாயில்லையே' என்று நினைப்பவர்கள் நிறைய. அங்கேதான் சறுக்கல். அந்த 97 நிமிடம் அன்றைக்கு வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரி மட்டுமே. அப்படிச் செய்தவர்கள் 26.1 சதவீதம் பேர். மீதி 74 சதவீதம் பேர் கணக்கிலேயே வரவில்லை. பெண்களில் செய்தவர்கள் 81.2 சதவீதம். செய்யாதவர்களையும் சேர்த்துச் சராசரி போட்டால், 299-ஐ 0.812-ஆல் பெருக்கப் பெண்களுக்கு 243 நிமிடம், 97-ஐ 0.261-ஆல் பெருக்க ஆண்களுக்கு 25 நிமிடம். மூன்று மடங்கு வித்தியாசம் கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடுகிறது. இந்தத் துறையில் எந்த எண்ணைப் பார்த்தாலும், இது செய்தவர்களின் சராசரியா, எல்லாருடைய சராசரியா என்று முதலில் கேளுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது அந்த ஆய்வில் தனிக் கணக்கு. அதில் பெண்கள் 27.6 சதவீதம் பேர், 134 நிமிடம். ஆண்கள் 14 சதவீதம் பேர், 76 நிமிடம். இது குறைவாகத் தெரிகிறதே என்று தோன்றினால், தோன்ற வேண்டும்தான். நாட்குறிப்பு முறையில் பராமரிப்பு எப்போதும் குறைத்தே பதிவாகும். காரணம், அது தனியாக நடப்பதில்லை. கபசுரக் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். 5 கிராம் பொடியை 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாக வற்றும்வரை கொதிக்கவிட வேண்டும். அது ஒருவருக்கான அளவு. நான்கு பேருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வைத்துக் கால் லிட்டராக வற்ற வைக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க அடுப்பருகில் நிற்பவர் கூடவே கீரை ஆய்வார், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பார், பக்கத்து அறையில் பிள்ளை ஆன்லைன் கிளாஸில் இருக்கிறானா விளையாட்டு ஆப்பில் இருக்கிறானா என்று ஒரு காதை அங்கே வைத்திருப்பார். கணக்கெடுப்பவர் கேட்டால் 'சமையல்' என்று ஒரு சொல்லில் முடியும். ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளைக் குறிக்க ஆய்வில் இடம் உண்டு. அரைமணியில் மூன்று வேலைகள் வரை எழுதலாம். ஆனால் 10 நிமிடத்துக்குக் குறைவானவை விழாது. கண் வைத்திருப்பது, காதை வைத்திருப்பது, நடு இரவில் இருமல் சத்தம் கேட்டு விழித்துப் படுப்பது போன்றவற்றைச் செய்பவரே வேலையாகச் சொல்லமாட்டார். ஆகவே மேலே சொன்ன எண்களைத் தரைமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே இறங்காது.

இந்தத் தரைமட்டத்தின் மேல் ஊரடங்கு எதை ஏற்றியது? பள்ளிகள் 2020 மார்ச் நடுவில் மூடின. தமிழ்நாட்டில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 2021 செப்டம்பர் 1-இல் முறையாகத் திறந்தார்கள், ஒன்று முதல் எட்டு வரை நவம்பர் 1-இல். சின்னப் பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கு இது பத்தொன்பது மாதம். பள்ளி என்றால் பாடம் மட்டும் இல்லை. ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் பிள்ளையை வேறொருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, ஒரு வேளைச் சாப்பாடும் சேர்த்து. சத்துணவுக் கூடத்தில் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என மூன்று பேர் நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறார்கள், குறைந்த சம்பளம் என்றாலும் சம்பளத்துக்கு. மூடியபின் அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்கு வந்தன. பொருள் வந்தது, சமைப்பவர் வரவில்லை. அந்த உழைப்பு நூறு அடுப்புகளுக்குப் பிரிந்து போனது, சம்பளம் எந்த அடுப்புக்கும் போகவில்லை. அரசுக் கணக்கில் இது செலவு கூடிய இடமாகக்கூடத் தெரியாது.

இன்னொன்று, வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்தது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வீட்டுத் தனிமை விதிமுறையில் ஒரு நிபந்தனை: நோயாளியைக் கவனிக்க ஒருவர் 24 மணி நேரமும் இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார், அவர் வேலைக்குப் போகிறவராக இருந்தால் விடுப்பு உண்டா, சம்பளம் உண்டா என்பதைப் பற்றி விதிமுறையில் ஒன்றும் இல்லை. முதலில் 17 நாள், பிறகு குறைத்து, 2022 ஜனவரியில் 7 நாள் என்றார்கள். ஒரு நாளின் வேலையை உத்தேசமாகக் கூட்டிப் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை காய்ச்சலும் ஆக்ஸிமீட்டரும் பார்த்து எழுதுவது, ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் யாரைக் கூப்பிடுவது என்ற பதற்றம் தனி. மூன்று வேளையும் வாசலில் தனித் தட்டு, பிறகு அதைத் தனியாகக் கழுவுவது. துணியைத் தனியாக ஊறவைப்பது. கதவுப்பிடி, சுவிட்ச், கழிவறை துடைப்பது. ஒவ்வொரு முறையும் மாஸ்க், கையுறை, கைகழுவல். ஒரு சுற்றுக்கு 15 நிமிடம் என்று குறைத்து வைத்தாலும், ஆறு சுற்றுக்கு ஒன்றரை மணி. இதைச் செய்தவர்களில் பலருக்கு அடுத்த வாரமே பாசிட்டிவ் வந்ததும் நடந்தது. அப்போதும் சமையல் நிற்கவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலைக்கு வருபவர்களைக் கேட்டோடு நிறுத்தினார்கள். ஒரே முடிவு இரண்டு வீடுகளைப் பாதித்தது. உள்ளே இருந்த பெண்ணுக்கு வேலை கூடியது, வெளியே நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு வருமானம் போனது. சம்பளத்தைப் பிடிக்காதீர்கள் என்று பிரதமரே வேண்டுகோள் விடுத்தார். வேண்டுகோள் சட்டம் இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் ஒப்பந்தம் 2011-இலேயே வந்துவிட்டது, இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் நலவாரியம் இருக்கிறது, ஆனால் அது பதிவு செய்தவர்களுக்குத்தான், அதுவும் உதவித்தொகைக்குத்தான். நின்றுபோன சம்பளத்தைக் கேட்க அது இடம் இல்லை.

இப்போது உங்கள் பாத்திரத்துக்கு வருகிறேன். சிஎம்ஐஇ என்ற தனியார் நிறுவனம் நாடு முழுவதும் ஒரே குடும்பங்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துத் தரவு சேகரிக்கிறது. வீட்டு வேலைக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்வியை அவர்கள் தொற்றுக்குச் சற்று முன்பே சேர்த்திருந்தது அதிர்ஷ்டம். அதை வைத்து அசோகா பல்கலைக்கழகப் பொருளியலாளர் அஷ்வினி தேஷ்பாண்டே செய்த ஆய்வில், 2020 ஏப்ரலில் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்களின் வீட்டு வேலை நேரம் கூடியது, ஆண் பெண் இடைவெளி குறைந்தது என்று தெரிந்தது. ஆகஸ்ட் வந்தபோது, ஆண்கள் வேலைக்குத் திரும்பத் திரும்ப, அந்த நேரம் மீண்டும் இறங்கியது. முழுக்கப் பழைய நிலைக்குப் போகவில்லை என்றாலும். ஆக நீங்கள் சொன்னது சரி, ஆனால் அது ஏப்ரலின் படம். அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஊரடங்கில் அந்தக் கணக்கெடுப்பு நேரில் நடக்கவில்லை, தொலைபேசியில் நடந்தது. பதில் சொன்ன குடும்பங்களின் எண்ணிக்கையும் வெகுவாகச் சரிந்தது. அரைமணி அரைமணியாக எழுதும் நாட்குறிப்பும் அது இல்லை, 'எத்தனை மணி நேரம்' என்ற ஒற்றைக் கேள்வி. வழக்கமாகச் செய்யாத வேலையைச் செய்தவர் அதைப் பெரிதாக நினைவில் வைத்திருப்பார், தினமும் செய்பவருக்கு அது நேரமாகவே படாது. எனவே ஆண்கள் கூடுதலாகச் செய்தார்கள் என்ற திசையை நம்புகிறேன். எத்தனை நிமிடம் என்பதில் அடித்துப் பேசமாட்டேன்.

சேதம் நடந்த இடம் வேறு என்றேனே, அது சம்பள வேலை. அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு அறிக்கை, அதே சிஎம்ஐஇ தரவில் ஒரே ஆட்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. தொற்றுக்கு முன் வேலையில் இருந்த ஆண்களில் 61 சதவீதம் பேர் வேலையை இழக்கவே இல்லை. 7 சதவீதம் பேர் இழந்து 2020 இறுதிவரை திரும்பவில்லை. பெண்களில் வேலையை இழக்காதவர்கள் 19 சதவீதம். இழந்து, ஆண்டு முடிவுவரை திரும்பாதவர்கள் 47 சதவீதம். ஏழுக்கும் நாற்பத்தேழுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஊரடங்கு எல்லாரையும் வீட்டுக்குள் தள்ளியது, திறந்துவிட்டபோது ஆண்கள் வெளியே வந்தார்கள். பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உள்ளேயே நின்றுவிட்டார்கள்.

ஏன் என்பதற்குப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. எதற்கு எத்தனை பங்கு என்று பிரித்துக் காட்டும் அளவுக்குத் தரவு இல்லை. பெண்கள் அதிகமாக இருந்த துறைகளே முதலில் மூடின: வீட்டு வேலை, ஆயத்த ஆடை, அழகு நிலையம், சிறு தனியார் பள்ளிகள். பஸ் ஓடவில்லை, ஆண்களுக்குப் பைக் இருந்தது. வேலை இழந்த ஆண்கள் விவசாயக் கூலிக்கும் சிறு வியாபாரத்துக்கும் இறங்கியபோது, அந்த இடங்களில் ஏற்கெனவே இருந்த பெண்கள் ஒதுக்கப்பட்டார்கள். கடைசியாக, பிள்ளை வீட்டில். 2020 ஜூனில் கம்பெனி திறந்து கூப்பிடுகிறது, பள்ளி திறக்க இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவர்தான் போக முடியும். சம்பளம் குறைந்தவர் வீட்டில் நிற்பது என்று எந்தக் குடும்பமும் கூட்டிக் கழித்து முடிவெடுக்கும். சம்பளம் குறைந்தவர் பெரும்பாலும் பெண். அந்த வீட்டு அளவில் அது அறிவுக்கு ஒத்த முடிவு. கோடிக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் அதே முடிவை எடுத்தால், வெளியே தெரிவது மேலே சொன்ன 47.

இந்த இடத்தில் யாராவது அரசின் தொழிலாளர் ஆய்வைக் காட்டி உங்களைக் குழப்புவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பிஎல்எஃப்எஸ் எனப்படும் அந்த ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2018-19-இல் 24.5 சதவீதம், 2019-20-இல் 30, 2020-21-இல் 32.5, 2023-24-இல் 41.7. ஏறிக்கொண்டே போகிறது. சிஎம்ஐஇ-யோ அதைவிட வெகு குறைவாகவே காட்டுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, கேள்வி வேறு. பிஎல்எஃப்எஸ்-இல் ஆண்டில் 30 நாள் ஏதாவது வேலை செய்திருந்தாலே துணைநிலை என்ற பெயரில் உழைப்பாளி ஆகிவிடலாம். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவினாலும் வேலைதான், அதற்குக் குறியீடு 21. வீட்டு வேலை மட்டும் செய்தால் 92. வீட்டு வேலையோடு குடும்பத்துக்காக விறகு பொறுக்கினால், துணி தைத்தால் 93. இந்த இரண்டும் உழைப்புக்கு வெளியே. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஒரு பெண்ணைக் கற்பனை செய்யுங்கள். அவர் குறியீடு 31, அதாவது மாதச் சம்பளக்காரர். கம்பெனி மூடி ஊருக்குப் போய்க் கணவரின் ஆடுகளைப் பார்த்துக்கொண்டால் அவர் 21. பங்கேற்பு எண்ணில் ஒரு மாற்றமும் இல்லை, இன்னமும் உழைப்பாளிதான், கையில் காசு மட்டும் வருவதில்லை. முன்பு 92-இல் இருந்த அவர் நாத்தனாரும் அதே ஆட்டுப்பட்டிக்குப் போனால், எண் ஏறவே செய்யும். வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் என்ற பிரிவு 2017-18-இல் 51.9 சதவீதமாக இருந்து 2023-24-இல் 67.4 ஆனது, அதில் பெரும் பகுதி இந்தச் சம்பளமில்லா உதவியாளர்கள். ஏற்றம் முழுவதும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்கும் விதம் மேம்பட்டதால் முன்பு விட்டுப்போன பெண்கள் இப்போது பதிவாகிறார்கள் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள், அதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் 41.7 என்பதைக் காட்டி, பெண்கள் தொற்றிலிருந்து மீண்டுவிட்டார்கள் என்பவரிடம், எந்தக் குறியீட்டில் என்று கேளுங்கள்.

எல்லா நாட்டிலும் இதே கதை இல்லை. பிரிட்டனில் 2020 மே மாதத்தில் நிதி ஆய்வு நிறுவனம் பார்த்தபோது, அப்பாவும் அம்மாவும் இருந்த குடும்பங்களில், அப்பாக்களுக்குத் தடங்கலில்லாமல் கிடைத்த வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அம்மாக்களுக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் பெண்கள் 2020-இல் கடுமையாக அடிபட்டார்கள், ஆனால் 25 முதல் 54 வயதுப் பெண்களின் பங்கேற்பு 2023-இல் அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது; வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதி அதற்கு உதவியிருக்கலாம். ஆக நிரந்தரச் சேதம் என்பது விதி இல்லை. ஜெர்மனி, பிள்ளைக்காகப் பெற்றோர் எடுக்கும் ஊதியத்தோடு கூடிய விடுப்பை ஒருவருக்கு 10 நாளிலிருந்து 2021-இல் 30 நாளாக உயர்த்தியது, பிள்ளைக்கு நோய் இல்லாமல் பள்ளி மூடியிருந்தாலும் எடுக்கலாம் என்றது. இத்தாலி பிள்ளை பார்ப்பவருக்குக் கொடுக்க 600 யூரோ கூப்பன் தந்தது. இங்கே ஜன் தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், மூன்று மாதம். உஜ்வலா திட்டத்தில் கேஸ் இணைப்பு பெற்ற குடும்பங்களுக்கு மூன்று சிலிண்டர். அந்தப் பணமும் கேஸும் பசித்த வீடுகளுக்கு உதவியது, அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பராமரிப்பு வேலையில் ஒரு மணி நேரத்தைக்கூட அது யார் தலையிலிருந்தும் இறக்கவில்லை.

வீட்டுக்கு வெளியே நடந்த பராமரிப்பும் இதே தராசில்தான் எடை போடப்பட்டது. நாடு முழுக்கச் சுமார் 10 லட்சம் ஆஷா பணியாளர்கள், அதாவது ஊர் அளவிலான பெண் சுகாதாரப் பணியாளர்கள், வீடு வீடாகப் போய் காய்ச்சல் கணக்கெடுத்தார்கள். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் விருதே கொடுத்தது. கோவிட் வேலைக்கு அவர்களுக்குக் கிடைத்த கூடுதல் ஊக்கத்தொகை மாதம் 1000 ரூபாய், ஏனென்றால் ஏட்டில் அவர்கள் ஊழியர்கள் இல்லை, தன்னார்வலர்கள். தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களுக்கும் மாதம் 1000 ரூபாய். பெண் செய்யும் பராமரிப்புக்குத் 'தொண்டு' என்று பெயர் வைத்துவிட்டால் விலை பேச வேண்டியதில்லை என்ற பழக்கம் கொரோனாவுக்கு முந்தையது, கொரோனாவில் நன்றாகப் பயன்பட்டது.

இந்த வேலைக்கு விலை போட முடியுமா என்றால், நீதிமன்றங்கள் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. 2021 ஜனவரியில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ரமணா, மேலே சொன்ன 299, 97 என்ற எண்களையே எடுத்துக்காட்டி, இல்லத்தரசிக்கு உத்தேச வருமானம் கணக்கிட வேண்டும் என்றார். எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் சிக்கல். அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்று போட்டால், வீட்டு வேலைக்கு வருபவரின் அடிமட்டக் கூலியே அளவுகோலாகி, மொத்தமும் மலிவாகிவிடும். அவர் வெளியே போயிருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று போட்டால், ஒரு டாக்டர் வைத்த ரசம் ஒரு கூலித் தொழிலாளி வைத்த ரசத்தைவிட இருபது மடங்கு மதிப்பாகிவிடும். கணவர் வருமானத்தில் பங்கு என்று போட்டால், கணவருக்கு வேலை போன மாதம் மனைவியின் உழைப்பின் மதிப்பும் பூஜ்யம். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வேறு வழியில் போனது: மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவர் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய். ஒரு நாளைக்கு 289 நிமிட வீட்டு வேலை என்றால் மாதம் 144 மணி நேரத்துக்கு மேல். மணிக்கு 7 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அது கூலி என்று யாரும் சொல்லவில்லை, ஒப்பீட்டுக்காகப் போட்டேன்.

அந்த 289 எங்கிருந்து வந்தது என்றால், 2024-இல் நடந்த இரண்டாவது நேரப் பயன்பாட்டு ஆய்விலிருந்து. வீட்டு வேலையில் பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். செய்தவர்கள் பெண்களில் 81.5 சதவீதம், ஆண்களில் 27.1. பழைய கணக்கைத் திரும்பப் போட்டால் எல்லாருக்குமான சராசரி 236-உம் 24-உம். பெண்களுக்கு ஏழு நிமிடம் குறைந்திருக்கிறது. அது கேஸாலோ குழாயாலோ மிக்ஸியாலோ இருக்கலாம். ஆண்கள் 25-இலிருந்து 24. ஊரடங்கில் கற்றுக்கொண்ட சமையல் நான்கு ஆண்டு கழித்து இதில் எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவில், தொற்று உச்சத்தில் இருந்த மாதங்களுக்கு, இதே முறையில் எடுத்த அரசுத் தரவு கிடையாது. எனவே கூடி இறங்கியதா, கூடவே இல்லையா என்பதை இந்த ஆய்வு மட்டும் சொல்லாது. நீடிக்கவில்லை என்பதைச் சொல்லும்.

உங்கள் வீட்டிலேயே அளந்து பார்க்க விரும்பினால், ஒரு வார நாளும் ஒரு ஞாயிறும் போதும். ஒரு தாளில் 48 வரி, அதிகாலை 4-இல் தொடங்கி. மூன்று கட்டம்: முக்கிய வேலை, கூடவே நடந்தது, யார் மேல் கண் இருந்தது. வீட்டில் 6 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித் தாள், பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் சேர்த்து. ஒருவர் எல்லாருக்கும் எழுதினால் அந்த ஒருவரின் அபிப்பிராயம்தான் கிடைக்கும். இரவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதாதீர்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதுங்கள். தாமதித்தால் முதலில் மறப்பது ஐந்து நிமிட வேலைகள், அவைதான் ஒருவர் தாளில் குவிந்திருக்கும். பிள்ளையோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்ததைப் 'பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன்' என்று எழுதும் ஆசை வரும், அது ஓய்வுக் கணக்கு. 'சும்மா இருந்தேன்' என்று ஒருவர் எழுதினால், அப்போது அடுப்பில் ஏதாவது இருந்ததா, தொட்டிலில் யாராவது இருந்தார்களா என்று கேளுங்கள். இத்தனைக்கும் பிறகும் தாளில் விழாத ஒன்று இருக்கும்: சிலிண்டர் தீரப்போகிறது, மாமனாருக்குப் பிரஷர் மாத்திரை நாலு நாளைக்குத்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருப்பது. அதை நிமிடத்தில் எழுத வழி இல்லை. யார் நினைவில் வைத்திருந்தார் என்று ஓரத்தில் பெயரை மட்டும் எழுதலாம்.

உங்கள் மனைவி எடுத்த முடிவைப் பற்றி ஒரு புள்ளிவிவரமும் தீர்ப்புச் சொல்லாது, சராசரியை ஒரு வீட்டின் மேல் கவிழ்க்கக் கூடாது. அவர் விருப்பப்பட்டே விட்டிருக்கலாம். அதைச் சோதிக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பிள்ளைக்குப் பள்ளி மூன்றரைக்கு விடுகிறது, ஆபீஸ் ஆறுக்கு, வீடு வர ஒரு மணி நேரம் என்று வையுங்கள். நாளுக்கு மூன்றரை மணி, வாரம் ஐந்து நாளுக்கு பதினேழரை மணி. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது, ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அது பெரும்பாலும் உதவாது. தந்தைக்கான விடுப்பு மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு, தனியாரில் சட்டப்படி இல்லை. அந்தப் பதினேழரை மணி நேரத்துக்கு அன்று வீட்டில் யார் யார் பெயர் பேசப்பட்டது, உங்கள் பெயர் பேசப்பட்டதா என்பது உங்கள் இருவருக்கும்தான் தெரியும்.